அதே பெயர், வேறு ஆள்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். நாலைந்து வருஷம் உழைத்தபின் அதில் மண்டையைப் போடுவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். உள்ளே சுழலும் தட்டு, அதன்மேல் முடியைவிட மெல்லிய இடைவெளியில் மிதக்கும் முனை. கிராமத்து ரோட்டில் டூவீலரில் போகும்போது ஒரு குலுக்கல் போதும்.

கடையில் புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் ஏற்றி, அதே பெயர், அதே பாஸ்வேர்டில் கணக்குத் திறந்து தருவார்கள். முழுசாகச் சாகாமல் முனகிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் செருகி, 'அம்மா ஃபோட்டோ' என்ற ஃபோல்டரைத் திறந்தால், உனக்கு அனுமதி இல்லை என்கிறது. 'நான்தாம்ப்பா முருகன்!' என்று கத்தினாலும் பிரயோஜனமில்லை.

காரணம், விண்டோஸுக்குப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. கணக்குத் திறக்கும்போதே ஆளுக்கொரு நீண்ட எண்ணை ஒட்டிவிடுகிறது. பூட்டெல்லாம் அந்த எண்ணுக்குத்தான். புது விண்டோஸில் பிறந்த முருகனுக்கு வேறு எண். லினக்ஸில் இதற்கு நேர்மாறான கூத்து. உபுண்டு போன்றவற்றில் முதல் பயனாளிக்கு வழக்கமாக 1000 என்ற எண். பழைய டிஸ்க்கில் முருகன் 1000, புதுசில் செல்வி 1000 என்றால், முருகனின் கோப்புகளை செல்விக்கு மறுபேச்சில்லாமல் திறந்துவிடும்.

ஆக, 'நான்' என்பது எது? பெயரா, எண்ணா, உடம்பா, நினைவா?

நினைவுதான் என்றார் இங்கிலாந்தின் ஜான் லாக், 1694-ல். ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவன் உடம்புக்குள் போய்விட்டால், அந்த ஆள் இளவரசன்தான் என்பது அவர் கட்சி. நமக்கு இது பழைய கதை. பெரியபுராணத்தில், காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, மாடுகள் சுற்றி நின்று அழுகின்றன. அவ்வழியே வந்த யோகி இரக்கப்பட்டு அந்த உடம்பில் புகுந்து எழுகிறார். மாடுகள் உடம்பைப் பார்த்து லாக்-இன் கொடுத்துவிட்டன. வீட்டில் காத்திருந்த மனைவியிடம் 'உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்கிறார் யோகி. அவர் திருமூலரானார். எதிரிலேயே புருஷன் நிற்க, புருஷனை இழந்த அந்த அம்மாள் என்ன ஆனாள் என்று நாம் கேட்பதில்லை.

இன்னொரு சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு டைனோசர் காலத்து மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் அடையாளம் கண்டது. மரச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அந்த இடத்தில் தாது வந்து உட்கார்ந்துவிட்டது. இருந்தும் 'கல்மரம்' என்றுதான் சொல்கிறோம். மரம் என்ற பெயரை விட மனசில்லை.

பக்கத்து அரியலூர் மாவட்டமோ 2001-ல் பிறந்து, 2002-ல் பெரம்பலூருடன் திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-ல் மறுபடி பிறந்தது. அதே மாவட்டமா, அதே பெயரில் புதுக் கணக்கா? சர்டிபிகேட்டுக்கு அலைந்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

இதெல்லாம் திண்ணைப் பேச்சு என்று தோன்றலாம். மறதிநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் அப்படித் தோன்றாது. பெற்ற பிள்ளையைப் பார்த்து 'நீங்க யாரு தம்பி?' என்கிறாள் அம்மா. லாக் சொல்வதை அப்படியே பிடித்துக்கொண்டால், இவள் பழைய அம்மா இல்லை. 'அவங்க எப்பவோ போயிட்டாங்க, உடம்புதான் இருக்கு' என்று உறவுக்காரர்கள் ஆறுதலாகச் சொல்வதும் இதைத்தான். கேட்க இதமான வாக்கியம். ஆனால் அடுத்த வாக்கியம் 'அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?' என்று வந்து நிற்கும்.

அம்மாவின் வாழ்க்கை அம்மாவின் மண்டையில் மட்டுமா பதிவாகியிருக்கிறது? ஒரு காப்பி பிள்ளையிடம், ஒன்று தங்கையிடம், ஒன்று எதிர்வீட்டுப் பாட்டியிடம். அவள் மறந்ததால் அவள் ஊட்டிய சோறு இல்லையென்று ஆகிவிடாது.

சரி, இப்படிக் காப்பி வைத்துக்கொள்ள ஒருவருமே இல்லாத கிழவி? முதியோர் இல்லத்தில் பெயர்கூடத் தெரியாமல் படுத்திருப்பவள்? அடுத்தவர் நினைவில்தான் ஆள் இருக்கிறார் என்றால், அவள் யாருமே இல்லையென்று ஆகிவிடும். அது அக்கிரமம். ஆகவே நினைவு, அவளுடையதோ நம்முடையதோ, மனுஷி என்பதற்கு நிபந்தனையாக முடியாது. அவளை ஓர் ஆளாக மதித்துக் கூப்பிடுவது நாம் செய்யவேண்டிய காரியம். அதற்கு அவள் ஆதாரம் காட்டத் தேவையில்லை.

சந்தேகப்படுவது மெஷினின் வேலை. திருடனும் முருகன் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவான். அதைக் கோபிக்க வேண்டாம். மனிதர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அந்த ஃபோல்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். சங்கேதப் பூட்டு போடாதிருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து உரிமையைப் புது முருகனுக்கு மாற்றினால் திறந்துவிடும். திறந்ததும் ஃபோட்டோக்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அம்மாவைப் போய்ப் பாருங்கள். யாரென்று கேட்டால், கோபப்படாமல் இன்னொரு தடவை சொல்லுங்கள்.