குரலின் இறந்தகாலம்

வரைந்த உருவத்துக்கு வயதாவதில்லை. அதற்காகப் பேசும் தொண்டைக்கு வயதாகிறது. அசைவூட்டத் தொடர் ஒன்று இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் என நீளும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போய், ஒருநாள் அந்தக் குரலுக்கு உரியவர் விலகியே தீர வேண்டிய நிலை வருகிறது. மேடையிலும் திரைப்படத்திலும் நடிகரின் முகம் காண்போர் கண்முன்னே முதிர்வதால் அவர்கள் அந்த முதிர்ச்சிக்குப் பழகிவிடுகின்றனர். குரல் நடிகருக்கு, அதாவது தாம் திரையில் தோன்றாமல் வரைந்த உருவங்களுக்குப் பேச்சால் உயிரூட்டுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு, அந்த வாய்ப்பு இல்லை. அவர் போன பின்னும் பாத்திரம் அதே உடையில், அதே வயதில் அடுத்த வாரமும் வந்து நிற்கும். பேசுபவர் மட்டும் வேறொருவராக இருப்பார். தம்மைவிட நெடுநாள் வாழப்போகும் ஒன்றுக்குத் தம் மூச்சைக் கொடுத்தவர் விலகும்போது எதை விட்டுச் செல்கிறார், எதைத் தம்மோடு எடுத்துச் செல்லலாம் என்னும் கேள்வி ஆசிரியருக்கும் உண்டு, கோயில் நாதசுரக்காரருக்கும் உண்டு. ஆயினும் குரல் நடிப்பில் அது ஒளிவுமறைவின்றிக் காதில் விழுகிறது.

இக்கேள்வியை எண்ணிப் பார்க்க ஜப்பானிய நடிகை நொபுயோ ஓயாமாவின் வாழ்வைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. 1933-இல் டோக்கியோவில் பிறந்த அவர், 1979 ஏப்ரலில் ஆசாஹி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டோரேமான்’ தொடரின் தலைமைப் பாத்திரத்துக்கு 2005 மார்ச் வரை, 26 ஆண்டுகள், குரல் கொடுத்தார். ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயரில் எழுதிய சித்திரக்கதை ஆசிரியர் 1969-இன் இறுதியில் சிறுவர் இதழ்களில் அறிமுகப்படுத்திய டோரேமான், 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த பூனை வடிவ எந்திரன். படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கி, மற்றப் பிள்ளைகளிடம் அடிவாங்கி அழுதுகொண்டு வீடு திரும்பும் நோபிதா என்னும் சிறுவனுக்குத் துணையாக அனுப்பப்பட்டது. தன் வயிற்றுப் பையிலிருந்து எதிர்காலக் கருவிகளை எடுத்துக் கொடுப்பது. தமிழ்நாட்டுக் குழந்தைகள் இதைத் தமிழ் ஒலிமாற்றத்தில் அறிந்தவர்கள் என்பதால் அவர்கள் காதில் ஓயாமாவின் குரல் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஜப்பானிலோ இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த எந்திரனும் அந்தக் குரலும் ஒன்றாகவே இருந்தன.

அது பெண் குரல் என்று எளிதில் அடையாளம் காண முடியாத, கரகரத்த, தடித்த குரல். பள்ளி நாட்களில் உடன் பயின்றோர் அதைக் கேலி செய்ததால் பேசுவதையே குறைத்துக்கொண்டதாகவும், குரலை ஒளித்து வைக்காமல் மேலும் மேலும் பயன்படுத்து என்று தாய் சொன்னதாகவும் ஓயாமாவே நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்காலத்தில் ஒரு நாட்டின் குழந்தைகள் அனைவரும் அன்பின் ஒலியாக ஏற்றுக்கொண்ட ஒன்று, முன்னொரு காலத்தில் ஒரு சிறுமி வெட்கி மறைத்த ஒன்று என்பதை எண்ணும்போது மனம் நெகிழாமல் இருப்பது கடினம். ஆனால் குரலின் இயல்பு மட்டுமே அந்த அன்பை உண்டாக்கிவிடவில்லை. மூலச் சித்திரக்கதையில் டோரேமானின் பேச்சு சற்று முரட்டுத்தனமானது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எந்திரனின் வாயில் கெட்ட சொற்கள் வரலாகாது என்று கருதிய ஓயாமா, பணிவான நடையை அதற்கு அமைத்துக் கொடுத்தார். ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்பதற்குப் பல சொற்கள் உண்டு. அவற்றுள் ‘பொக்கு’ என்பது பெரும்பாலும் சிறுவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் மென்மையான சொல். அதனோடு பெயரையும், ‘தெஸ்’ என்னும் மரியாதை முடிவையும் சேர்த்து ‘பொக்கு டோரேமான் தெஸ்’, அதாவது ‘நான் டோரேமானுங்க’ என்பதுபோல் ஒலித்த அந்த அறிமுகம், ஜப்பானியர் எவரும் போலிசெய்து காட்டக்கூடிய அளவுக்குப் பரவியது. வேறு பாத்திரங்களுக்குப் பேசினால் குழந்தைகளின் மனத்தில் உள்ள உருவம் கலைந்துவிடும் என்று அஞ்சி, மற்றக் குரல் வாய்ப்புகளை அவர் பெரும்பாலும் தவிர்த்தும் வந்தார். ஒரு நடிகைக்கு இது சிறிய விலையன்று.

ஒலிப்பதிவு நடைபெறும் முறையும் இங்கே கருதத் தக்கது. அமெரிக்காவில் பொதுவாகக் குரலை முதலில் பதிவுசெய்து, அதைக் கேட்டு ஓவியர்கள் வாயசைவை வரைவர். ஜப்பானில் படம் முன்னே செல்ல, குரல் பின்னே வரும். ‘அஃப்ரெக்கோ’ என்று அவர்கள் அழைக்கும் இம்முறையில் நடிகர்கள் ஓர் அறையில் ஒன்றாக நின்று, திரையைப் பார்த்தபடி, சில ஒலிவாங்கிகளை மாறிமாறிப் பகிர்ந்துகொண்டு பேசுவார்கள். ஓயாமாவும், நோபிதாவாகப் பேசிய நொரிக்கோ ஓஹாராவும், ஷிசுகா, சுனியோ, ஜியான் ஆகிய பாத்திரங்களுக்குப் பேசிய மற்ற மூவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு தோளோடு தோள் நின்றவர்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடம் மற்றவருக்குத் தெரியும். 2005-இல் ஐவரும் ஒருசேர விலகினர் என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஓயாமாவுக்கு அப்போது வயது 71; 2001-இல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் நடந்திருந்தது. நால்வரும் இருந்து அவர் மட்டும் போயிருந்தால், புதியவரின் ஒவ்வொரு சொல்லும் பழைய குரல்களுக்கு நடுவே நின்று ஓயாமா இல்லை என்பதையே அறிவித்துக்கொண்டிருக்கும்.

மூலக் குரல் என்று ஒன்றைப் போற்றும் வழக்கத்தை ஓயாமாவின் வரலாறே கேள்விக்கு உள்ளாக்குகிறது. டோரேமானுக்கு முதலில் பேசியவர் அவரல்லர். 1973-இல் வேறொரு தொலைக்காட்சி நிலையம் சில மாதங்கள் ஒளிபரப்பிய முந்தைய தொடரில் கோசெய் தொமித்தாவும் அவரையடுத்து மசாக்கோ நொசாவாவும் அப்பாத்திரத்துக்குப் பேசினர், ஓயாமா மூன்றாமவர். இன்னும் வியப்பானது, 1969 அக்டோபரில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ‘சசாயே-சான்’ என்னும் குடும்பத் தொடரில் கத்சுவோ என்னும் சிறுவனுக்கு முதலில் பேசியவர் ஓயாமாதான் என்பது. சில மாதங்களில் அவர் விலகிவிட, அடுத்து வந்த கசுவே தாக்காஹாஷி 1998 வரை அச்சிறுவனாக வாழ்ந்து, கத்சுவோ என்றாலே அவர் குரல் என்னும் நிலையை உண்டாக்கினார். ஒரு பாத்திரத்தில் மறக்கப்பட்ட முதல்வராகவும், மற்றொன்றில் முதல்வரென்றே நம்பப்பட்ட மூன்றாமவராகவும் ஒரே மனிதர் இருந்திருக்கிறார். ஆகவே ‘உண்மையான குரல்’ என்று மக்கள் சொல்வது காலத்தால் முந்தியதைக் குறிப்பதில்லை. தம் குழந்தைப் பருவத்தில் கேட்டதையே குறிக்கிறது. இதைச் சொல்வதால் பழைய குரலுக்காக வருந்துவோரின் துயரம் பொய்யாகிவிடாது. அவர்கள் இழந்தது மெய்யாகவே ஒன்று உண்டு. அது டோரேமான் அன்று, தாம் ஆறு வயதில் அமர்ந்திருந்த அறை.

2005 ஏப்ரலில் வசாபி மிசுட்டா புதிய டோரேமான் ஆனார். அவருக்கு வயது 30. ஓயாமாவின் தொடர் தொடங்கியபோது ஐந்து வயதைக்கூட எட்டாத குழந்தை. அவர் முன்னவரைப் போலிசெய்யவில்லை. குரல் இலகுவாகவும் இளமையாகவும் இருந்தது. பழைய குரலோடு வளர்ந்தவர்களிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது. இதற்கு நேர் எதிரான வழியை ‘லூப்பின் மூன்றாமவன்’ என்னும் திருடன் கதைத் தொடரில் காணலாம். லூப்பினாகப் பேசிய யசுவோ யமாதா 1995-இல் இறந்தபோது, அவரைப்போலவே பேசிக் காட்டிப் புகழ்பெற்றிருந்த பலகுரல் கலைஞர் கனிச்சி குரித்தா அவ்விடத்துக்கு வந்தார். இறப்பு திடீரென உண்டாக்கிய வெற்றிடத்தைப் போலிக்குரலால் நிரப்புவது இரக்கமுள்ள செயல்தான். ஆயினும் அதில் புதியவர் ஒவ்வொரு நாளும் இறந்தவரின் நிழலாகவே ஒலிக்க வேண்டியிருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவர் விலகி வழிவிடும்போது மட்டுமே அடுத்தவர் தம் சொந்தத் தொண்டையால் பேசும் உரிமையைப் பெறுகிறார். அதே லூப்பின் தொடரில் ஜிகென் என்னும் துப்பாக்கி வீரனுக்கு 1971 முதல் பேசிய கியோஷி கொபயாஷி, 2021-இல் 88 வயதில் விலகினார். புதிய தொடரின் தொடக்கத்துக்கு முன்னதாக ஒரு தனி அத்தியாயம் அவருடைய விடைபெறுதலாகவே அமைந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அமெரிக்காவில் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் மில்ஹவுஸ் என்னும் பத்து வயதுச் சிறுவனுக்கு 35 ஆண்டுகள் பேசிய பமீலா ஹேடன் 2024 நவம்பரில் விலகியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. எந்த வயதில் விலகுவது சரி என்பதற்கு இவர்களிடமிருந்து விதி எதையும் பெற முடியாது. தம் குரல் தாங்கும் அளவைத் தாமே கேட்டு அறிந்தவர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

விலகிய மறு ஆண்டு, 2006-இல், ஓயாமா தம் 26 ஆண்டு நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பு ‘பொக்கு, டோரேமான் தெஷ்தா’. குழந்தைகள் அறிந்த அறிமுகத்தில் ‘தெஸ்’ என்றிருந்த இடத்தில் அதன் இறந்தகால வடிவமான ‘தெஷ்தா’ வந்திருக்கிறது, மாறியது அவ்வளவே. இந்த மாற்றத்தின் எடையைத் தமிழில் உணர்த்துவது எளிதன்று. ‘நான் டோரேமான்’ என்னும் தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. இலக்கணத்தார் பெயர்ப்பயனிலை என்பார்களே, அவ்வாறு பெயரே பயனிலையாக நின்று, காலம் காட்டாமல், நேற்றும் நாளையும் தீண்டாத உண்மைபோல் ஒலிக்கிறது. அதை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோக ‘ஆக’ என்றும் ‘இருந்தேன்’ என்றும் சொற்களைச் சேர்க்க வேண்டும். ஓய்வு பெற்றோர் பலர் தடுமாறும் இடமும் இதுவே. நெடுநாள் செய்த பணி பெயர்ப்பயனிலையாகி விடுகிறது. ‘நான் ஆசிரியர்’, ‘நான் நீதிபதி’ என்னும் வாக்கியத்தில் காலம் கிடையாது என்று நம்பியவர், ஒருநாள் அங்கே ஒரு வினைச்சொல் வந்து உட்காரும்போது தம்மையே இழந்ததாக எண்ணுகிறார். சிலர் அந்த வினையைச் சொல்ல மறுத்துப் பின்வருபவரின் பணியில் தலையிடுகின்றனர். சிலர் கசந்துபோய்த் தாம் அங்கே இருந்ததையே பேசாமல் விடுகின்றனர். ஓயாமாவின் தலைப்பில் ‘பொக்கு’ அப்படியே இருக்கிறது. எந்திரனின் ‘நான்’ என்னும் சொல்லை, 72 வயது மூதாட்டி ஒருவர், தமக்குரியதாக வைத்துக்கொண்டு, வினையை மட்டும் கையளித்திருக்கிறார்.

பாத்திரம் போயிற்று, குரல் அவரிடமே இருந்தது. 2010-இல் வெளிவந்த ‘தங்கன்ரொன்பா’ என்னும் நிகழ்பட விளையாட்டில், பள்ளி மாணவர்களை ஒருவரையொருவர் கொல்லத் தூண்டும் மொனோகுமா என்னும் கரடிப் பொம்மைக்கு அவர் பேசினார். அன்பின் ஒலி என்று ஒரு நாடு அறிந்த குரல் கொடுமையைப் பேசக் கேட்டவர்கள் திடுக்கிட்டிருப்பர். 26 ஆண்டுகள் ஒரே பாத்திரத்துக்குக் காவலாக வைத்திருந்த கருவியை, காவல் முடிந்தபின் நடிகையாக மீண்டும் கையில் எடுத்துக்கொண்ட அந்தச் செயல் போற்றத் தக்கது. 2015-இல் அவருடைய கணவர், தம் மனைவிக்கு மறதி நோய் வந்திருப்பதை வெளிப்படையாகத் தெரிவித்தார். மொனோகுமாவும் அடுத்தொருவரிடம் சென்றது. 2024 ஜூலையில் நொரிக்கோ ஓஹாரா இறந்தார்; செப்டம்பர் 29 அன்று, 90 வயதில், ஓயாமாவும் இறந்தார்.

1980 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்த 25 டோரேமான் திரைப்படங்களில் அவருடைய குரல் இருக்கிறது. அவற்றுள் முதலாவது, நோபிதா தான் கண்டெடுத்த முட்டையிலிருந்து பிறந்த டைனோசர் குஞ்சை வளர்த்து, அதன் காலத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் கதை. புதிய குழுவினர் நடித்த முதல் திரைப்படமாக 2006-இல் வந்ததும் அதே கதைதான், மிசுட்டாவின் குரலில். இரண்டும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன, முதலாவதில் பேசும் பெண்ணுக்கு வயது 46.