70 வளைவுகளுக்குக் கீழே ஒரு கல்லூரி

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் தமிழ்நாட்டில் அறிவுரைப் பருவம் தொடங்கிவிடும். நாளிதழ்கள் சிறப்பு மலர் போடும். கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி நடக்கும். எந்தப் படிப்புக்கு எதிர்காலம் இருக்கிறது, எந்தக் கல்லூரிக்கு எத்தனை கம்பெனிகள் ஆளெடுக்க வருகின்றன என்று மேடையில் ஒருவர் படம் போட்டு விளக்குவார். தரவரிசையைப் பாருங்கள், நாக் சான்றைப் பாருங்கள், பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள் என்பார். ஒன்றும் தப்பான பேச்சில்லை. பத்துக் கல்லூரிகளை எதிரே பரப்பி வைத்து ஒன்றைப் பொறுக்கி எடுக்க வசதியுள்ள குடும்பத்துக்கு அவ்வளவும் பயன்படும். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டிலோ தேவனூர் நாட்டிலோ உட்கார்ந்து அதே மலரைப் புரட்டும் பிள்ளைக்குத்தான் தன் கேள்வி ஒன்றுகூட அதில் அகப்படாது.

அந்தப் பிள்ளையின் கேள்விகள் வேறு. காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு? விடுதியில் இடம் கிடைக்குமா, கிடைத்தால் எப்போது? சாதிச் சான்று நேரத்துக்குக் கைக்கு வருமா? உதவித்தொகை வந்து சேரும்வரை கட்டணத்துக்கு யார் பொறுப்பு?

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றை எண்ணிப் படம் பிடித்துப் போடுகிறார்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அவை நேரக் கணக்கு. மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்குத் தினமும் போய்த் திரும்பினால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். கீழே கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, ராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி, 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் சுயநிதிக் கல்லூரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன இந்த மாவட்டம் ஒரு காலத்தில் மதிப்பெண்ணுக்கும் பேர்போனது. பிளஸ் டூவில் ஆயிரத்து நூறைத் தாண்ட வேண்டும் என்று மாநிலத்தின் நாலா மூலைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தார்கள். ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டப்பெயரை மக்கள் சும்மா வைக்கவில்லை. 2017-ல் நீட் வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் தணிந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து படிக்க வந்தவர்களுக்கு விடுதி இருந்தது, கோச்சிங் இருந்தது, இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிந்தது. அதே மாவட்டத்தின் வானத்தில் தெரிந்த மலையிலிருந்து எத்தனை பேர் இறங்கி வந்தார்கள் என்று அப்போது யாரும் கேட்டதாக நினைவில்லை.

எண்கள் இதைக் கொஞ்சம் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுவரை உள்ளவர்களில் 100-க்கு 47 பேர் உயர்கல்வியில் இருப்பதாக 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு சொன்னது. நாடு முழுவதற்கும் அது 28.4, இந்தியப் பழங்குடியினருக்கு 21.2. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டபோது இங்குள்ள பழங்குடியினரின் எழுத்தறிவு 54-ல் நின்றது. 47 என்ற எண்ணைக் கொண்டாடுவதில் தவறில்லை. மீதி 53 பேர் யார் என்று பார்க்க அதிக தூரம் போகவேண்டியதும் இல்லை.

இந்தப் பிள்ளைகளின் முதல் நுழைவுத் தேர்வு ஒரு காகிதம். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிந்துவிடும் சாதிச் சான்று, பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர்வரை போகவேண்டும். அப்பாவின் சான்று, பெரியப்பாவின் சான்று, தாத்தா காலத்து நிலப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, நேர் விசாரணை என்று அது நகரும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. உண்மையானவர்களைத்தான் அதிக நாள் காக்கவைக்கிறது. கொல்லிமலைக்காரர்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய மலையாளி என்ற சமூகம் பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. அதே சமூகத்தார் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்தால் பட்டியலுக்கு வெளியே. ஒரே குலம், ஒரே பேச்சு. பிள்ளையை எந்த மாவட்டத்தில் பெற்றெடுத்தோம் என்பதையும் கல்லூரித் தேர்வின் ஒரு பகுதியாக அரசு வைத்திருக்கிறது. ஆகவே முதல் யோசனை சலிப்பூட்டும் யோசனைதான்: சான்றுக்கான விண்ணப்பத்தைப் பதினோராம் வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு கொடுத்தால் கலந்தாய்வு முடிந்த பிறகு கிடைக்கும்.

இரண்டாவது யோசனையும் நாள்காட்டியைப் பற்றியதே. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பழங்குடியினருக்கு உள்ள ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்று. மத்திய அரசுக் கல்வி நிலையங்களில் அது 7.5. திருச்சி என்.ஐ.டி.யும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இந்த இரண்டாவது கணக்கில் வருபவை. அகலமாகத் திறந்திருக்கும் அந்தக் கதவுக்கு ஒரு குணம் உண்டு: பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். ஜே.இ.இ.க்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே விண்ணப்பம் முடிந்துவிடும். மலையில் கல்லூரிப் பேச்சு தொடங்குவதோ மே மாதம். பச்சைமலையைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி, அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, 2024-ல் ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் சேர்ந்தார். அந்த மலையிலிருந்து அந்தக் கல்லூரியின் தூரம் ஒரு நாளில் போய்வரக்கூடியது. கல்லூரி 1964-ல் தொடங்கியது. இடையில் கழிந்த 60 ஆண்டுகளில் அங்கே அறிவுள்ள பிள்ளைகள் பிறக்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். விண்ணப்பம் எப்போது என்று சொல்ல ஒரு ஆசிரியர் இருந்தால் போதும் என்பதற்கு அந்த ஒரு சேர்க்கையே சாட்சி.

சொல்ல ஆசிரியர் இல்லாத இடத்துக்கு ஏஜென்ட் வருகிறார். பலா இறங்கும் பருவத்தில் மலை ஊர்களுக்கு வியாபாரிகள் வருவதுபோல் இவரும் காரில் வருவார். கையில் வழவழப்பான நோட்டீஸ், அதில் பட்டமளிப்பு அங்கி போட்டுச் சிரிக்கும் பெண். கொல்லிப்பாவை சிரித்தே மயக்கி உயிரை வாங்குவாள் என்பது இந்த மலையின் பழங்கதை. புதிய பாவை சான்றிதழை வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறாள். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் என்று 2012-ல் அரசாணை எண் 92 வந்தது. நல்ல ஆணை; பல ஆயிரம் பேரை முதல் பட்டதாரி ஆக்கியது. கூடவே, காலி இடங்களை வைத்துக்கொண்டு தவித்த சில நிர்வாகங்களுக்குப் பழங்குடிப் பிள்ளைகள்மேல் திடீரென்று அக்கறையும் பிறந்தது. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசி ஆள் அனுப்பும் அளவுக்கு அக்கறை.

ஏஜென்ட்டிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா? இரண்டாவது என்றால் உதவித்தொகை கைவிட்டுப் போகலாம். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா? ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்’ என்று நீட்டி முழக்கிய பெயர்களில் பல, மருத்துவமனை வாசலைத் தாண்டாதவை. அசல் சான்றிதழை மட்டும் யாரிடமும் விட்டுவர வேண்டாம். சரிபார்த்ததும் திருப்பித் தரவேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அலமாரிக்குள் போய்விட்டால், பிடிக்காத படிப்பைவிட்டு வெளியேறுவதற்கும் ஒரு விலை பேசுவார்கள்.

பிடிக்காத படிப்பு என்றதும் இந்த மலையில் பிறந்தவர்களில் உலகறிந்த ஒருவரின் நினைவு வருகிறது. பால் பிராண்ட் 1914-ல் இங்கே பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி பிராண்டும் அம்மா எவலினும் மிஷனரிகள். மலையில் மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். படிப்புக்காக 9 வயதில் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இந்த மலையிலேயே இறந்துபோனார். பையனுக்கு மருத்துவம் படிக்க வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்றார். அப்பா கட்டிவிட்ட புண்களும் சீழும் கண்ணைவிட்டுப் போகவில்லை. கட்டட வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் பழகினார். பிறகுதான் மனம் மாறி லண்டனில் மருத்துவம். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும் தேய்ந்துபோகின்றன என்று கண்டு சொன்னார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் விரியச் செய்தார். கை திரும்பியவர்களுக்குத் தொழில் வேண்டுமே என்று பட்டறை வைத்தபோது, வீணாய்ப் போனதாக ஊர் நினைத்திருக்கக்கூடிய அந்தத் தச்சு வருடங்கள் உதவிக்கு வந்தன.

இதிலிருந்து ‘எதைப் படித்தாலும் நன்மைக்கே’ என்று நீதி எடுத்தால் அது பொய்யாகும். பிராண்டால் தவறாகத் தேர்ந்து, நின்று, திரும்பி, மறுபடி தொடங்க முடிந்தது. பின்னால் தாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. அவரோடு வாழவந்தி நாட்டில் விளையாடிய பிள்ளைகளுக்கு முதல் தேர்வுக்கே வழியில்லை. இன்றைய மலைப் பிள்ளைக்கு முதல் தேர்வு கிடைத்திருக்கிறது. இரண்டாவது இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே, எது உயர்ந்த கல்லூரி என்பதற்கு முன்னால், எந்தக் கல்லூரியில் கடைசிவரை நிலைத்திருக்க முடியும் என்று பார்ப்பதே அவர்களுக்கான அறிவு. பெயர் குறைந்த அரசுக் கல்லூரியானாலும், நடக்கிற தூரத்தில் விடுதி இருந்தால், அது தொலைவில் இருக்கும் பெரிய பெயரைவிட மேல். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் வரும் மாதம் 1,000 ரூபாயைச் சிறிதென்று சொல்பவர்கள் பஸ் செலவுக்குக் காசில்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றவர்கள் அல்லர்.

சேர்ந்தபின் பிள்ளைகள் கழன்றுகொள்ளும் இடம் பெரும்பாலும் முதல் பருவத்து ஆங்கிலத் தாள். பள்ளியில் ஃபெயில் என்றால் எல்லாம் போயிற்று என்று பழகியவர்கள், அரியர் விழுந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறிவிடுகிறார்கள். அரியர் என்பது அடுத்த பருவத்தில் மறுபடி எழுதவேண்டிய ஒரு தாள், அவ்வளவுதான். நகரத்துப் பையன் நான்கைந்தைச் சுமந்துகொண்டு சினிமாவுக்குப் போகிறான். இதைச் சொல்ல சீனியர் ஒருவர் போதும். ஆகவே முதல் வாரத்திலேயே தன் மலையிலிருந்து வந்த மூன்றாம் ஆண்டு அண்ணனையோ அக்காவையோ தேடிக்கொள்வது, எந்த ஓரியண்டேஷன் வகுப்பையும்விடப் பலன் தரும். அடுத்த கண்ணி 75 விழுக்காடு வருகைப்பதிவு. பொங்கலுக்குப் பின் மிளகு பறிக்கக் கை வேண்டும் என்று வீட்டிலிருந்து போன் வரும். இரண்டு வாரம் என்று போனால் ஒரு மாதம் ஆகும். துறைத் தலைவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனவர்களுக்குப் பெரும்பாலும் வழி பிறக்கிறது. சொல்லாமல் போனவர்களுக்குப் பெயர் அடிக்கப்படுகிறது.

கொல்லிமலைப் பிள்ளை கல்லூரி நூலகத்துக்குப் போனால் இன்னொன்றையும் காணலாம். தன் ஊரைப் பற்றிய ஆய்வேடுகள் அங்கே இருக்கும். சாமை, தினை வகைகள், மூலிகைகள், சந்தைகள், சடங்குகள் என்று இந்த மலையை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது. தகவல் சொன்ன பாட்டிகள் நன்றியுரையில் ‘மலைவாழ் மக்கள்’ என்ற பன்மையில் கரைந்திருப்பார்கள். அந்தப் பாட்டியின் பேத்தி தாவரவியல் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் தன் மலையையே புராஜெக்ட்டாக எடுக்கட்டும். பிறர் ஆறு மாதம் தங்கிக் கற்றதை அவள் ஆறு வயதில் கற்றவள்.

ஆனால் அறிவுரை முழுவதையும் பிள்ளைகள் தலையிலேயே இறக்கிவிட்டுப் பெரியவர்கள் எழுந்துபோவது நியாயமில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை எல்லாக் கல்லூரியும் சொல்லும். மலையிலிருந்து முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிப் பருவத் தேர்வை எழுதினார்கள்? அரசுக் கல்லூரியிடம் இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் சொல்லியாகவேண்டும். மலையின் ஊராட்சிகளும், பட்டம் வாங்கி அரசு வேலையில் அமர்ந்துவிட்ட மலைக்காரர்களும் ஆண்டுதோறும் இதைக் கேட்டு, வந்த பதிலைச் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் ஒட்டிவைக்கட்டும். எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். யாரோ ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால், விடுதியும் காலம் தாழ்த்தாமல் ஜூனிலேயே திறக்கக்கூடும்.