அந்நியத்தின் வேர்

மழைக்குப் பின் பேட்டைப் பக்கம் ஒரு குளக்கரையில் சீமைக்கருவேலங் கன்று ஒன்றைப் பிடுங்கினேன். ஈரமண், வேர் அறுபடாமல் வந்தது. கடுகளவு முடிச்சுகள் தெரிந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே சிவப்பு.

அந்தச் சிவப்பு நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவு. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்குகின்றன. அதைச் செய்யும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்ஸிஜனைப் பிடித்து அளவாக விடுவது சிவப்பின் வேலை. எருவில்லாத உவர்த்தரிசிலும் இந்த மரம் தழைப்பதற்கு இது ஒரு காரணம். ஆழ இறங்கும் வேர் இன்னொன்று.

பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1870களின் கடைசியில் சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது. விறகு வேண்டி நாமேதான் பரப்பினோம். 2017ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை அகற்றச் சொன்னது. அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. குற்றச்சாட்டில் தண்ணீர், நிலம் எல்லாம் உண்டு. ஆனால் டீக்கடைப் பேச்சில் முதலில் விழுவது 'வெளிநாட்டு மரம்' என்பதுதான். பெயரிலேயே சீமை இருக்கிறதே.

என் பிரச்னை இங்கே. முடிச்சு பாக்டீரியா பொதுவாக விதையோடு வருவதில்லை. முளைத்த மண்ணில் வேர் ஒரு ரசாயனத்தைக் கசியவிடுகிறது. பாக்டீரியா வேறொன்றால் பதில் தருகிறது. வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கூட்டாளி இன்ன வகைதான் என்று சீமைக்கருவேலம் அடம் பிடிப்பதுமில்லை. இந்த மண்ணிலேயே சேர்த்துக்கொண்டதைத் தன் பலமாக வைத்திருப்பதை அந்நியம் என்று எந்த இடத்தில் கோடு போட்டுச் சொல்வது? (புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று ஏசியவர்களிடமும் இந்தக் கோடு இருந்தது.)

அதற்காக மரத்தை விட்டுவிடலாம் என்பது சோம்பேறித் தத்துவம். குளத்துக்குள் மண்டினால் குளம் போச்சு. அடியில் வேறு செடி எழும்புவது அரிது. வெட்டத்தான் வேண்டும். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவனையும் கணக்கில் வைத்துக்கொண்டு வெட்டவேண்டும். அது செய்கிற காரியத்துக்காக வெட்டுவது ஒன்று. பிறப்புக்காக வெட்டுவது வேறு. பிறப்பைச் சொல்லிவிட்டால் ஒரு சௌகரியம், விதைத்த கை மறந்துபோகும்.

கன்றை நான் திரும்ப நடவில்லை. கரையிலேயே போட்டுவிட்டு வந்தேன். முடிச்சு அழுகும்போது உள்ளே மிஞ்சியவை மண்ணில் இறங்கும்.