இல்லாத இடத்தில் நிற்றல்

தீபாவளிக்கு முன்னொரு நாள், எம் பள்ளியின் ஒளிப்பதிவு அறையில் மாணவி ஒருத்தி பச்சைத் திரையின் முன் நின்று, "நான் இப்பொழுது சிராங்கூன் சாலையில் நிற்கின்றேன்" என்றாள். பதிவான படத்தில் அவளுக்குப் பின்னே அச்சாலையின் அலங்கார விளக்குகள் ஒளிர்ந்தன. உடனிருந்த தமிழாசிரியை, "ஐயா, பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறோமா?" என்று வினவினார். உடனே விடைகூற என்னால் இயலவில்லை.

அக்கருவி செய்வது யாது? வீடியோ ஸ்விட்சரில் 'கீ' என்பது, ஒரு படத்தின் பகுதியை நீக்கி அவ்விடத்தில் மற்றொரு படத்தைத் தெரியச் செய்வது. எதை நீக்குவது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஒளியின் அளவு அடையாளமாயின் அது 'லூமா கீ'. செய்தியின் அடியில் வெள்ளை எழுத்துகளைப் பதிக்க அதுவே போதும். நிறம் அடையாளமாயின் 'குரோமா கீ'. கறுப்பு வெள்ளையாக 1963இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில், 1974இல் வண்ணம் வந்த பின்னரே இதற்கு இடமுண்டாயிற்று. மனிதத் தோலின் நிறத்துக்குப் பச்சை தொலைவானது. ஆகவே பச்சைத் திரை.

'கிளிப்' என்னும் திருகு, எது நிற்கும், எது மறையும் என்று எல்லை வகுக்கிறது. 'கெயின்' அவ்வெல்லையின் கூர்மையை ஆள்கிறது. கூட்டினால் விளிம்பு கத்தியால் அறுத்தாற்போலாகி, கூந்தலின் மெல்லிழைகள் போய்விடும். குறைத்தால் இழைகள் நிற்கும், திரையின் பச்சைச் சாயலும் உடன் ஒட்டிக்கொள்ளும். அம்மாணவி முதலில் இலைப்பச்சைச் சேலை உடுத்தி வந்திருந்தாள். சேலை இருந்த இடத்தில் விளக்குகள் தெரிந்தன! கருவி அறிந்தது நிறத்தை மட்டுமே; ஆளை அன்று.

கருவிக்குப் பொய்யுமில்லை, மெய்யுமில்லை என்று கூறித் தப்பிவிடலாம். எனக்கு அது உடன்பாடன்று. திருகைத் திருப்புவது நம் கையன்றோ? வானிலை அறிவிப்பாளர் வரைபடத்தின் முன் நிற்பதை எவரும் பொய்யென்னார். மேடையில் அரசனாக வருபவனும் அத்தகையவனே. காண்பவரோடு அவனுக்கு ஓர் உடன்படிக்கை உண்டு. எம் காணொளியைக் காணவிருந்தோரோ தொடக்கப்பள்ளிச் சிறுவர். தேக்காவுக்கு வர இயலாத முதியோர் இல்லத்தார். அவர்கள் நம்பிவிடுவர். தீமை பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் காட்டும் அளவுகோல். அதை நான் எடுத்துக்காட்டி, "இதனால் யாருக்கு என்ன தீங்கு?" என்றேன். ஆசிரியை விடவில்லை. "நாளை மெய்யாகவே அங்கு நின்று பேசும் பிள்ளையை யார் நம்புவார், ஐயா?"

படத்தை நாங்கள் மாற்றவில்லை. 'நிற்கின்றேன்' என்னும் சொல்லை மாற்றினோம். "எனக்குப் பின்னே தெரிவது சிராங்கூன் சாலை, சென்ற வாரம் எங்கள் ஆசிரியர் படம்பிடித்து வந்தார்" என்று அவள் பேசினாள். அதைக் கண்ட சிறுவன் ஒருவன், "அப்படியானால் அக்கா எங்கே நின்றார்?" என்று கேட்டான். பச்சைத் திரையைக் காட்ட அவனை அழைத்துச் சென்றேன்.