ஒரு கம்பி, ஓர் அலை

இரவில் மத்திய அலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். இலங்கை வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ புரியாத மொழியில் ஒரு குரல் குறுக்கே புகும். திருகியை மயிரிழை நகர்த்தினால் பாட்டு மீளும். கையை எடுத்ததும் அந்தக் குரல் திரும்பி வரும். ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவரின் பேச்சும் நமக்கு இல்லாமல் போகிறது.

வாசலில் நிற்கும் மின்கம்பமும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். கம்பி விஷயத்தில் அப்படி முடியாது; தெருவுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்திருப்பவர் சொன்னதே விலை என்று விட்டால், இருட்டுக்குப் பயந்தே எதையும் கொடுத்துவிடுவோம். அதனால்தான் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் கம்பிக்காரரை மனுதாரராக்கியது. கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் அவர் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப்போட வேண்டும். அதை மக்கள் அறிய வெளியிட வேண்டும். ஆணையம் ஆட்சேபணைகளைக் கேட்டு 120 நாட்களுக்குள் ஆணையிட வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அப்படித்தான் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. இத்தகைய கூட்டங்களில் மஞ்சள் பையிலிருந்து பழைய ரசீதுகளை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் மைக் முன்னால் வருவார். லேத் ஓடினாலும் நின்றாலும் நிலைக்கட்டணம் நிற்பதில்லையே என்பார். குரல் நடுங்கும், மேசைக்கு அப்பால் ஒரு பேனா அதைக் குறித்துக்கொள்ளும். செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. கேட்டதால் என்ன பயன் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சலிப்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதிவைத்த காரணத்தை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேறலாம்; காரணமே சொல்லாத அதிகாரத்தோடு எங்கே போய் வழக்காடுவது?

அலைக்கும் இதே உண்மை பொருந்தும் என்று விளங்க நமக்கு நாளானது. கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கொன்றில்தான், 1995-இல், காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன பிறகும் மறந்தோம். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் 2008-இல் அலைக்கற்றையோடு தரப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களை அதே நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்துசெய்தது. வரிசையில் முந்தி நிற்பது ஒரு தகுதியா என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. அதன்பின் ஏலம் வந்தது. ஏலம் நேர்மையானதுதான், ஆனால் அதற்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று, தொகை. கண்ணுக்குத் தெரியாத, வேலிபோட முடியாத, யாரும் உண்டாக்காத ஒன்றை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அதில் பங்குள்ள கோடிப்பேரின் சம்மதத்தை நேரில் பெற இயலாததால், அவர்கள் சார்பில் ஒருவர் அமர்ந்து ‘இது உனக்கு எதற்கு, இதனால் யாருக்கு என்ன குறையும்’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருக்கும் வரைதான் பெற்றவர் அதைக் காப்பவராக இருக்கிறார், அதன்பின் அவர் வெறும் உடைமைக்காரர்.

பணம் ஈட்டாத அலைகளும் உண்டு. உலக நாடுகள் கூடிப் பேசி, பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் ஹாம் வானொலி ஆர்வலர்களுக்கென்று சில அலைவரிசைகளை விட்டுவைத்திருக்கின்றன. அந்தமானிலிருந்து அவற்றில் பேச அப்போதெல்லாம் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. நீண்ட காலம் கேட்டு, 2004 டிசம்பரில் அனுமதி பெற்ற ஒரு சிறு குழு போர்ட் பிளேருக்குப் போனது. குழுவுக்குத் தலைமை தாங்கிய பெண்ணும் தோழர்களும் விடுதியில் கருவிகளைப் பொருத்தி உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி காலை கடல் எழுந்து வந்தது. தீவுகளில் தொலைபேசிகள் ஓய்ந்தன. அவர்கள் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, அதே அலையில், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கரைக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.