ஆறு நொடியும் உன்னுடையது!

"அடிக்கிறேன், அவ்வளவுதான்" என்று பகடையை உருட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளாதே! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் உனக்குத்தான் சொல்கிறேன். உன் பெயரைக் கூப்பிட்டதும் தொண்டை அடைக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று வாயில் வந்ததைச் சொல்லி முறையைக் கழித்துவிடுகிறாய். போதும் இந்தக் கூச்சம்! ஒரு ரவுண்ட் என்பது கதைக்குள் ஏறத்தாழ 6 நொடி. அதை எப்படிக் கூறுபோடுவது, எப்போது செலவிடுவது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

உன் கையில் என்ன இருக்கிறது என்று பார். மனிதப் பாத்திரம் என்றால் 30 அடி நடை. ஓர் ஆக்‌ஷன். சில திறன்கள் தரும் போனஸ் ஆக்‌ஷன். அடுத்த முறை வரும்வரை, எதிர்வினை காட்ட ஒரே ஒரு ரியாக்‌ஷன். அந்த 30 அடியை ஒரே மூச்சில் நடந்து தீர்க்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டளையிடவில்லை. தூணின் மறைவிலிருந்து 10 அடி வெளியே வா, அம்பை விடு, 10 அடி பின்வாங்கி மறைந்துகொள். இன்னும் 10 அடி மிச்சம்! ஐந்தாம் நிலைப் போர்வீரனுக்கு ஓர் ஆக்‌ஷனில் இரண்டு வெட்டு. முதல் வெட்டில் ஒருவன் சாய்ந்தால், நடந்துபோய் இரண்டாவதை அடுத்தவன்மேல் இறக்கு.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இப்படி நடந்து, வெட்டி, மறுபடி நடக்க 'ஸ்பிரிங் அட்டாக்' என்ற தனித்திறன் வேண்டும். அதைப் பெறுவதற்கு முன் வேறு திறன்களையும் பெற்றிருக்க வேண்டும். 2014-இல் ஐந்தாம் பதிப்பு அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. முதல் நிலையில் நிற்கும் உனக்கும்தான்! பிறகும் ஏன் நட்டுவைத்த மரம்போல் நிற்கிறாய்?

"விலகினால் எதிரி அடிப்பானே?" அடிக்கட்டும்! அவன் எட்டும் தூரத்தைவிட்டு நீ நகரும்போது அடிக்கலாம்தான். ஆனால் அதற்குத் தன் ஒரே ரியாக்‌ஷனை அவன் செலவழித்தாக வேண்டும். கனத்த கவசம் போட்டவன் நீ என்றால் முதலில் நகர்ந்து அந்த அடியை வாங்கிக்கொள். அவனருகே சிக்கியிருக்கும் உன் தோழி மந்திரவாதி, அவன் முறை திரும்பி வருவதற்குள் அடிபடாமல் ஓடிவிடுவாள். கணக்குப் போட்டுக் காட்டும் துணிச்சல் இது!

எதிரியும் சும்மா இருப்பானா? அந்தக் கோப்ளின் வில்லாளி எட்டிப் பார்க்கிறான், எய்கிறான், ஒளிகிறான். உன் முறை வரும்போது கண்ணெதிரே யாருமில்லை. இங்கேதான் பலர் "பாஸ்" என்று கைவிரிக்கிறார்கள். நீ விரிக்காதே! 'ரெடி' என்று சொல். நிபந்தனையையும் செயலையும் உரக்கச் சொல்: "அவன் தூணைவிட்டுத் தலைகாட்டினால் என் அம்பு பாயும்." ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் அவனை நகர்த்துகிறார். தலை தெரிகிறது. அவன் நாணை இழுக்குமுன் உன் பகடை உருள்கிறது!

இதற்கு விலை உண்டு, மறைக்கமாட்டேன். காத்திருந்து அடித்தால் இரண்டு வெட்டுக்காரனுக்கும் ஒரு வெட்டுத்தான். மந்திரத்தைப் பிடித்துவைத்தால் மனம் குவிந்தே இருக்க வேண்டும். நிபந்தனை நடக்காவிட்டால் மந்திரமும் போச்சு, அதற்குச் செலவிட்ட ஸ்லாட்டும் போச்சு. போகட்டும்! தயங்கி நின்று இழந்ததல்ல, தீர்மானித்துக் காத்து இழந்தது அது.

இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் கறாரானது. ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன். மூன்றையும் வெட்டுக்கே கொட்டினால், வழக்கமான ஆயுதத்துக்கு இரண்டாம் வெட்டின் பகடைக் கணக்கில் 5 குறையும், மூன்றாவதில் 10. அந்த மூன்றாவதை நம்பிக் கண்மூடி வாள் வீசுவதில் என்ன வீரம்? நட, வெட்டு, கேடயத்தை உயர்த்து!

உனக்கு முந்தைய முறை யாருடையது என்று பார்த்துவை. அவர் பகடை உருளும்போதே உன் 6 நொடியைப் பிரித்துவிடு. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொல்: எத்தனை அடி, யார்மேல், பிறகு எங்கே. விதியில் சந்தேகமா, வெட்கப்படாமல் கேள். குறி தப்பினாலும் குரலைத் தாழ்த்தாதே. அடுத்த ரவுண்டிலும் உன் முறை வருகிறது.