தாடைக்குக் கீழே இரண்டு விரல்

கொடைக்கானல் ஏரிக்கரையில் வண்டி பேசப் போனால் டிரைவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்குவார். கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு. இன்னும் இரண்டு மூன்று ஸ்பாட் சேர்ந்தால் அரை நாள் கணக்கு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு உண்டு. தூண் பாறைக்கு 20 நிமிடம். மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் வேண்டாம், "ஒண்ணும் தெரியாது சார், அடுத்த ஸ்பாட்டுக்குப் போயிரலாம்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சீசன் நாளில் மலைச்சாலை நெரிசலுக்குள் ஒரு வண்டியை ஓட்டி, வந்தவர்கள் மனம் கோணாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவது லேசான வேலையில்லை.

இதை எழுதுகிறவருக்கு அந்தப் பட்டியலில் தூண் பாறை மட்டும் முடியவே இல்லை. அங்கே நடந்ததைச் சம்பவம் என்று சொல்வதே அதிகம். பனி மூடியிருந்தது. மேடை நிறைய ஆட்கள். எதிரே ஏறத்தாழ 400 அடி உயரத்துக்கு நிற்கும் மூன்று கருங்கல் தூண்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. திடீரென்று காற்று திசை மாறியது, பனி விலகியது, கூட்டம் 'ஓ'வென்றது, கைபேசிகள் உயர்ந்தன. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, ஐந்து வயது இருக்கலாம், வேலிக்கம்பியின் அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா குனிந்து, அவள் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, முகத்தை மெல்ல நிமிர்த்திப் பாறைப் பக்கம் திருப்பினார்.

"அங்க பாரும்மா. இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்."

அவள் பார்த்தாள். விரலை எடுத்ததும் முகம் பழையபடி கம்பிக்கே போயிற்று. அவர் மறுபடி திருப்பினார். அதற்குள் பனி மூடிவிட்டது.

அவ்வளவுதான். கோபமில்லை, அதட்டல் இல்லை. அந்த விரல்கள் அத்தனை மென்மையாக இருந்தன. அந்த மென்மைதான் இதை எழுதுகிறவரை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறது. முரட்டுக் கையாக இருந்திருந்தால் ஒரு முடிவுக்கு வந்து மறந்திருக்கலாம். குடும்பம் நகர்ந்த பிறகு அவர் அந்தக் கம்பியருகே போய் நின்று பார்த்தார். பெயிண்ட் உரிந்த இரும்புக் குழாய். அதன் அடிப்பக்கம் வரிசையாக நீர்த்துளிகள். ஓர் எறும்பு போயிருக்கலாம். ஒரு துளிக்குள் ஏதாவது தெரிந்திருக்கலாம். குனிந்து பார்ப்பதற்குள் அடுத்த குடும்பம் வந்து இடத்தை நிரப்பிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் கொடைக்கானல் முழுவதுமே யாரோ ஒருவர் நம் முகத்தைத் திருப்பிவிட்ட ஊர்தான். பலர் இயற்கையான ஏரி என்றே நினைத்துக்கொண்டு சுற்றிவரும் அந்த ஏரி 1863இல் உருவானது. மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்துக்குக் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். இன்றைக்கு 60 ஏக்கர் நீர்ப்பரப்பு. அது நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மலைச்சாலையில் எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளி நீர்வீழ்ச்சி. 1872இல் கோக்கர் என்ற ராணுவ லெப்டினன்ட், செங்குத்தான சரிவின் விளிம்பிலேயே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை வெட்டினார். எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அவர் அன்றைக்குத் தீர்மானித்தார். இன்றைக்கும் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று அந்தப் பக்கமே பார்க்கிறோம். பைன் காடும் அப்படித்தான். அந்த மரங்கள் இந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி நடத் தொடங்கியவை. பூங்காவும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

குணா குகையின் கதை இன்னும் சமீபத்தது. வெள்ளைக்காரர்கள் அதைப் பேயின் சமையலறை என்று அழைத்தார்கள். 1991இல் கமல்ஹாசன் நடித்த 'குணா' வந்த பிறகு பழைய பெயரைச் சொல்ல ஆளில்லை. 2006இல் அந்தப் பாறைப் பிளவுக்குள் விழுந்த நண்பனைக் கேரள இளைஞர் ஒருவர் இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சி, 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமானது. கூட்டம் இன்னும் பெருகியது. பிளவு அதேதான், மரவேர்களும் அவையேதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் பாறையைப் பார்க்கிறார்களா, படத்தைப் பார்க்கிறார்களா என்று கேட்டால் அவர்களாலேயே சொல்ல முடியாது. இதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு கதை இல்லாவிட்டால் பலருக்கு ஓர் இடத்தில் நிற்கக் காரணமே கிடைப்பதில்லை.

இங்கே இதை எழுதுகிறவருக்கு எங்கோ வாசித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. எந்தப் புத்தகம் என்பது மறந்துவிட்டது, செய்தி மட்டும் தங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்காக 1778இல் தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தார். விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் அவர் சொன்ன ஓரிடத்தில் பிறகு ஒரு கட்டடமே எழும்பியது. அதன் ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி போட்டார்கள். மஞ்சள் வழியே பார்த்தால் கோடைக்காலம், கருநீலத்தின் வழியே பார்த்தால் நிலவொளி. அந்தக் காலத்துப் பயணிகள் இன்னொன்றும் செய்தார்கள்: காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையிலிருந்த கறுத்த கண்ணாடியில் அதன் பிம்பத்தை ரசித்தார்கள். தாமஸ் கிரே என்ற கவிஞர் 1769இல் அந்தக் கண்ணாடியும் கையுமாகப் போகும்போது பின்பக்கமாக விழுந்து விரல் முட்டியில் காயம்பட்டார்.

இன்றைக்குத் தூண் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளை நாம் கடிந்துகொள்கிறோம். 250 ஆண்டுகளுக்கு முன்பு படித்த பெரிய மனிதர்கள் இதையே செய்திருக்கிறார்கள். மனிதனுக்கு மலையை நேருக்கு நேர் பார்க்க ஏதோ ஒரு தயக்கம் எப்போதும் இருந்திருக்கிறது போல. இடையில் ஒரு சட்டம், ஒரு கண்ணாடி, ஒரு பெயர்ப்பலகை தேவைப்படுகிறது. அல்லது இரண்டு விரல்.

அந்த விரல்களிடம்தான் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. காரணம் இதை எழுதுகிறவரின் சிறுவயதில் இருக்கிறது.

அவர் பிறந்தது பெரியகுளத்தில். அப்பா மாங்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. கோடை இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்கும்போது வடக்கே மலை கறுப்பாக நிற்கும், அதன் உச்சியில் சில விளக்குகள் தெரியும். அப்பா தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, "அந்தா தெரியுது பாரு, அதான் கொடைக்கானல்" என்பார். மின்மினியா நட்சத்திரமா என்று தெரியாமல் கிடந்த வெளிச்சங்களுக்கு அன்றைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் அவர் தானாகவே அந்தப் பக்கம் திரும்பினார். அப்பா அன்றைக்குத் தோளைத் தொட்டுத் திருப்பவில்லை என்றால்? மலைக்கு அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் மலையை அண்ணாந்து பார்க்காமலே காலத்தை ஓட்டியவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் உண்டு.

பெரியகுளத்திலிருந்து மலைக்கு ஒரு பழைய நடைபாதை இருக்கிறது. கும்பக்கரை தாண்டி, வெள்ளகவி கிராமம் வழியாக ஏறும். மோட்டார் வண்டி மலையேறும் முன்பு துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தச் சரிவில்தான் போனார்கள், சிலர் குதிரையில், பலர் ஆள் சுமக்கும் டோலியில். டோலியில் இருந்தவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருப்பார்கள். சுமந்தவர்கள் பார்த்தது அடுத்த கல்லை. கால் வைக்கும் இடம் தவிர வேறு எதையும் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. ஆனால் அந்த மலையை, எந்தக் கல் ஆடும், எந்தத் திருப்பத்தில் வழுக்கும், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். இரண்டு பார்வையில் எது மலையைப் பார்த்த பார்வை?

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் போக முடியாது. யாருடைய விரலும் திருப்பிக் காட்டாத ஒன்று அந்த மலையில் இருக்கிறது: புல். பழனி மலையின் உச்சிப் பகுதிகளில் ஒரு காலத்தில் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடும், மேடெல்லாம் புல்வெளியுமாக இருந்தது. பெய்கிற மழையைப் புல்வெளி மெல்ல உள்ளே வாங்கி, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஓடைகளுக்குக் கசியவிடும். வெறும் புல்தானே என்று எண்ணி அங்கே வாட்டிலையும் தைலமரத்தையும் பைனையும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, எரிக்க விறகு, காகிதத்துக்குக் கூழ் எனக் காரணங்கள் இருந்தன. வாட்டில் பிறகு யார் நடாமலும் பரவியது. இன்றைக்கு அந்த அந்நிய மரங்களுக்கு நடுவே நின்று நாம் சினிமாப் பாட்டு பாடுகிறோம், மிஞ்சியிருக்கும் புல்வெளிக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும்போது மட்டும் கூட்டம் போகும். கடைசியாக 2018இல் போயிற்று. பூ உதிர்ந்ததும் புல் மறுபடி மறக்கப்பட்டது.

பெரியகுளத்தில் அவர் குடித்து வளர்ந்தது வராக நதித் தண்ணீர். அது இந்த மலையிலிருந்து இறங்குவது. விளக்குகளைக் காட்டிய அப்பாவுக்கும், அந்தத் தண்ணீருக்கும் உச்சியில் இருக்கும் புல்லுக்கும் உள்ள உறவு தெரியாது. ஆகவே அதைக் காட்டவில்லை. காட்டுகிறவருக்கு எது தெரியுமோ அதைத்தான் காட்ட முடியும். மீதியெல்லாம் காட்டப்படாமல் போகும். அந்த மீதியின் பக்கம் ஒரு குழந்தை தானாகத் திரும்பும்போது என்ன செய்வது?

ஸ்பாட் ஸ்பாட்டாக முகத்தைத் திருப்பிக்கொண்டே போகும் பார்வைக்குக் கொடைக்கானலிலேயே எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஊருக்கு மேலே சூரிய ஆய்வகம் 1901இல் பணி தொடங்கியது. அங்கே இருந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டுபிடித்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, வானம் விட்ட நாளெல்லாம், அங்கே அந்த ஒரே சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அரை நாளில் பத்து ஸ்பாட் பார்த்துவிட்டு இறங்கும் வண்டிகள் அந்தச் சாலையோரம்தான் போகின்றன. ஒரே பொருளில் கண்ணைப் பதித்து நிற்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். எவர்ஷெட்டுக்கும் யாரோ ஒருவர் முதலில் வானத்தைக் காட்டியிருக்கத்தான் வேண்டும். அதன் பிறகு எந்த வயதில் அந்தக் கை விலகியது?

அதுதான் தெரியவில்லை. அந்தத் தகப்பன் செய்தது சரியா என்று பலமுறை மனத்துக்குள் வாதாடிப் பார்த்தாகிவிட்டது. ஒருநாள், செலவு செய்து கூட்டிவந்தவர், சில நொடிகளில் மறையப்போகும் ஒரு காட்சியை மகளுக்குக் கொடுக்கத் துடித்தார், அதில் அன்பைத் தவிர வேறென்ன என்று தோன்றுகிறது. இன்னொரு நாள், அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், அதைக் கலைக்க யாருக்கு உரிமை என்று தோன்றுகிறது. இரண்டு தரப்பும் சமமாக நிற்கின்றன. இனியும் அப்படியே நிற்கும் என்றுதான் படுகிறது.

ஆகவே தீர்ப்புக்குப் பதிலாக ஒரு வேண்டுகோள் மட்டும். 2024 மே மாதம் முதல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஏரிக்கரையில் வண்டி பேசும்போது டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: மூன்று ஸ்பாட் போதும், எங்கே நிற்கச் சொன்னாலும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் அண்ணே என்று. ஸ்பாட் குறைந்தாலும் அவருக்கு நேரம் ஒன்றுதான். வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.